எடைமேடைக்குப் பின்னால் முளைத்த கீரை

"உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு தமயந்தி" என்றார் நடராஜன். "நீ போட்ட மனு எல்லாமே என் மேசைக்குத்தான் வந்துச்சு. பதிலும் நான்தான் எழுதி அனுப்பினேன்."

சொல்லிவிட்டு வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அழுதுகொண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பரீட்சையில் கடைசி வந்த பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோலச் சொன்னார்.

பொருள், பார்வை, ஒவ்வொரு சங்கதிக்கும் ஒரு பத்தி என்று ஜோலார்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த முறைப்படிதான் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். டில்லிக்கும் எழுதினேன். அந்த மனுக்கள் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மேலிடம் அவற்றின் ஓரத்தில் 'விவரம் அறிந்து பதில் அனுப்பவும்' என்று ஒரு வரி எழுதி, யார்மேல் புகாரோ அவருக்கே அனுப்பிவிடும். திருடனைப் பற்றிய புகாருக்குத் திருடனே விளக்கம் எழுதுவான். அதோடு கோப்பு மூடப்படும்.

நடராஜன் கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சியில் ஒரு அரசாங்க டிப்போவின் சூப்பரின்டென்டென்ட். கழித்துப்போட்ட இரும்பை ஏலத்தில் விற்கிற டிப்போ அது. என் கணவர் பரமசிவம் அங்கே எடைமேடை கிளார்க். ஏலம் எடுத்த கான்ட்ராக்டரின் லாரி முதலில் காலியாக மேடையில் ஏறும். பிறகு உள்ளே போய் இரும்பு ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி ஏறும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் அவன் காசு கொடுக்க வேண்டிய இரும்பு.

ஒரு கான்ட்ராக்டரின் லாரிகள் மட்டும் காலியாக இருக்கும்போதே கனமாக இருப்பதை என் கணவர் கவனித்தார். நேரே நடராஜன் அறைக்குப் போய்ச் சொன்னார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் தோன்றாது. கல்கத்தாவில் வந்து விழுந்த எங்களுக்கு அவர் அதிகாரி மட்டுமில்லை, ஆம்பூர்க்காரர். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவி விஜயலக்ஷ்மியை அக்கா என்றும்தான் கூப்பிடுவோம். பொங்கலுக்கு அவர்கள் வீட்டு வாசலில் நான்தான் கோலம் போடுவேன்.

"நீ கம்முனு இரு பரமு, நான் பார்த்துக்கறேன்" என்றாராம்.

பார்த்துக்கொண்டார். அடுத்த வாரமே எடைமேடையைத் திடீர்ச் சோதனை போட்டார்கள். எடையைத் தவறாகக் காட்டும்படி பலகைக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டு செருகியிருந்தது. என் கணவரை அங்கேயே சஸ்பெண்ட் செய்தார்கள். அன்று சாயங்காலம் நடராஜன் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து, "கவனக்குறைவுன்னு எழுதியிருக்கேன். போட்டுடு. வார்னிங்கோட முடிஞ்சுடும்" என்று ஒரு இங்கிலீஷ் தாளை நீட்டினார். நான் ரேஷன் கடையில் நின்றிருந்தேன். நான் வருவதற்குள் இவர் கையெழுத்துப் போட்டு, நடராஜனுக்குக் காப்பியும் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார். தெரிந்தே செய்தேன் என்று அந்தத் தாளில் இருந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

வேலை நீக்க விசாரணை வரப்போகிறது. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். 'எடையில் திருடினவன்' என்கிற பெயரோடு ஊருக்கு வண்டி ஏற வேண்டும். அதனால்தான் அன்று காலை கெஞ்சுவதற்காக நடராஜன் வீட்டுக்குப் போனேன். கையெழுத்தைப் பற்றிய பாராட்டு அப்போது கிடைத்ததுதான். நான் படி இறங்கும்போது விஜயா அக்கா பின்னாலேயே வந்து, பழைய புடவைகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். "ஊருக்குப் போனா உதவும், எடுத்துக்கோ."

விசாரணையே இன்னும் நடக்கவில்லை. அதற்குள் அவள் மனசில் எங்களை ஊருக்கு அனுப்பியாகிவிட்டது.

பையை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்தப் புடவைகளைக் கிழித்துத் தரை துடைக்கப் போட்டேன். இனி மனு எழுதுவதில்லை, அந்த நடராஜன் விழுவதை என் கண்ணால் பார்க்காமல் ஊருக்குப் போவதுமில்லை என்று அப்போது முடிவு செய்தேன். கணவரிடம் சொல்லவில்லை. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சொன்னால் எழுந்து போய் நடராஜனிடமே சொல்லி, எனக்காக மன்னிப்பும் கேட்டுவிட்டு வருவார்.

அது எழுபத்து மூன்றாம் வருஷத்து சைத்ர மாதம், நம் பங்குனி. சாந்த்ராகாச்சியில் குளமெல்லாம் வற்றிச் சேறு வெடித்துக் கிடந்தது. அந்த வெயிலிலும் கீரைக்காரி பூர்ணிமா மாஷி வீட்டு வாசலுக்குக் கல்மிக் கீரை கொண்டுவந்தாள். நம் ஊரில் வள்ளைக்கீரை என்பார்களே, அதுதான். தண்ணீரில் கால் வைத்து வளர்கிற கீரை. தண்டை ஒடித்தால் 'டக்' என்றது.

"எந்தக் குளத்துக் கீரை மாஷி இது? எல்லாம்தான் ஷுக்னோவா காஞ்சு கிடக்கே."

எனக்குத் தெரிந்த வங்காளியில் கேட்டேன். அவள் கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே சிரித்தாள்.

"குளம் எதுக்கு பௌதி? உங்க டிப்போ பின்னால, சுவர் இடிஞ்ச இடத்துல இருக்கே. அங்கே ஜொலேர் காடி வருது இல்ல?"

பௌதி என்றால் அண்ணி, ஜொலேர் காடி என்றால் தண்ணீர் வண்டி. டிப்போவுக்குத் தண்ணீர் வண்டி எதுவும் வருவதில்லை. பின்பக்கத்தில் குழாயும் கிடையாது. கீரைக்கட்டை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு நானும் உன்கூட வரேன்" என்றேன்.

"ஆபீஸ்காரர் பொண்டாட்டி கீரை பறிக்க வருவாளா?"

"ஆபீஸ்காரர் வீட்டுல குந்திக்கிட்டு இருக்கார். நான்தானே வரணும்?"

"ஐயோ பாவம்" என்றாள். ஆனாலும் கீரையின் விலையைக் குறைக்கவில்லை.

மறுநாள் முட்டாக்குப் போட்டுக்கொண்டு மாஷியோடு போனேன். சுவர் இடிந்த இடத்துக்கு உள்பக்கம், எடைமேடை ஷெட்டின் முதுகுப்புறத்தில், ஒரு கூடம் அளவுக்குத் தரை சதசதவென்று கிடந்தது. சுற்றிலும் எல்லாம் துரு நிறம். அந்த இடம் மட்டும் பச்சை. பெண்கள் நாலைந்து பேர் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு லாரி வந்து நின்றது. மேடையில் காலி எடை போட்டு முடித்து, இரும்பு ஏற்றப் போகிற வழி. கிளீனர் குனிந்து அடியில் போய் எதையோ திருகினான். வண்டியின் வயிற்றிலிருந்து தண்ணீர் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. பெண்கள் கால்களை நகர்த்தி வழிவிட்டார்கள். ஒருத்தி கீரைக்கட்டை அதிலேயே அலசினாள்.

"வாரத்துல ரெண்டு நாள் வந்து குளிச்சிட்டுப் போகும்" என்றாள் மாஷி. "நல்ல வண்டி."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். லாரிக்கு அடியில் ஒரு தொட்டி. தண்ணீரோடு வந்து காலி எடை போட வேண்டியது, இங்கே வந்து கொட்ட வேண்டியது, அந்தக் கனத்துக்குக் கனம் இரும்பைச் சும்மா ஏற்றிக்கொண்டு போக வேண்டியது. என் புருஷனுக்குக் கண்ணில் பட்டது இதுதான். இந்தப் பெண்களுக்கு அது எப்போதோ தெரியும். அவர்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்டிருந்தாலும், தண்ணீர் நின்றுபோகுமே என்று வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கான்ட்ராக்டரின் லாரிகள் வருவது புதனும் சனியும். அடுத்த வெள்ளிக்கிழமை, காளிகாட் கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கோயில் சந்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் அனந்தகிருஷ்ணன் வீடு. டிப்போவின் தலைமை அலுவலகத்தில் விஜிலன்ஸ் இன்ஸ்பெக்டர். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பார்த்திருக்கிறேன். மனிதர் ஈஸிசேரில் சாய்ந்தபடி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"இதையெல்லாம் ஒரு பெட்டிஷனா எழுதிக் கொடுங்கோம்மா."

"எழுதினேன் சார். சுத்தி அவர்கிட்டயே போச்சு."

அவருக்கு உதடு துடித்தது. சிரிப்பா, வெட்கமா தெரியவில்லை. "ஃபைல் போட்டா நான் ஜீப்ல ஏறறதுக்குள்ள அங்கே போன் மணி அடிக்கும். அது வாஸ்தவம். ஆனா ஃபைல் இல்லாம எப்படிப் போறது? சஸ்பெண்ட் ஆனவர் சம்சாரம் சொன்னார்னு போய் நின்னா, நாளைக்கு என்னைக் கேப்பா."

நான் பையிலிருந்து கீரைக்கட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"கீரையைக் காட்டிக் கேஸ் போடச் சொல்றேளா?"

அவர் மனைவி ஜலஜா காப்பி கொண்டுவந்தவர், டம்ளரை வைத்த கையோடு கட்டைத் தூக்கிப் பார்த்தார். "ஏன்னா, இது எங்கே கிடைச்சது? நேத்திக்குக் கரியாஹாட் மார்க்கெட் முழுக்க அலைஞ்சேன். மஞ்சளா வதங்கினதை வச்சுண்டு தங்கம் மாதிரி விலை சொல்றான். இந்த வெயில்ல இப்படி எளசா கல்மி முளைக்கணும்னா, யாராவது தினம் குடம் குடமா கொட்டணும்."

அனந்தகிருஷ்ணன் ஈஸிசேரிலிருந்து நிமிர்ந்தார். கட்டை வாங்கி முனையை முகர்ந்தார்.

"துரு வாசனை அடிக்கறது" என்றார். கீரையைத் திரும்ப மேசையில் வைத்தார். பிறகு, "எடைமேடை ரொட்டீன் செக்கிங்னு என் அதிகாரத்துலயே போகலாம். அதுக்கு ஃபைல் வேண்டாம். புதன்கிழமை டாக்ஸில வரேன். ஆத்துக்காரருக்கு வேலை திரும்பக் கிடைக்கணும், அதானேம்மா உங்களுக்கு?"

"அதுவும் வேணும் சார். அதுக்கு முன்னாடி அந்த ஆள் விழறதை நான் பார்க்கணும்."

ஜலஜா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கீரைக்கட்டை மட்டும் உள்ளே எடுத்துப் போனார்.

புதன்கிழமை நான் கீரைப் பெண்களோடு சுவர் ஓரம் நின்றேன். அங்கிருந்து மேடை நன்றாகத் தெரியும். லாரி ஏறியது, காலி எடை போட்டார்கள். அது இறங்குவதற்குள் டாக்ஸியிலிருந்து இறங்கிய அனந்தகிருஷ்ணன் முன்னால் போய்க் கையைக் காட்டினார்.

"வண்டி அங்கேயே நிக்கட்டும்."

நடராஜன் அறையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். "வாங்க சார், வாங்க. சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே. வெயில்ல எதுக்கு நிக்கறீங்க, உள்ள வந்து டீ சாப்பிடுங்க."

"வெயில் நன்னா இருக்கு" என்றார் அனந்தகிருஷ்ணன். கூட வந்த ஆளை வண்டிக்கு அடியில் போகச் சொன்னார். அந்த ஆள் மல்லாந்து உள்ளே போனான். திருகினான். தண்ணீர் எடைமேடைப் பலகைமேலேயே கொட்டி நாலா பக்கமும் ஓடியது. எடைக்கோல் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. புது கிளார்க் பாவம், குண்டை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்யப் பார்த்தான். அது நிற்கவேயில்லை.

"ரேடியேட்டர் தண்ணி சார், லீக் போல" என்றார் நடராஜன்.

"இத்தனை பெரிய ரேடியேட்டரை வச்சுண்டு இவன் லாரியா ஓட்டறான், ரயில் இன்ஜினா?"

விஷயம் புரிந்தோ புரியாமலோ கீரைப் பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் நடராஜன் சுவர்ப் பக்கம் திரும்பினார். முட்டாக்கை இறக்கிவிட்டேன். என்னை அடையாளம் தெரியட்டும் என்றுதான் இறக்கினேன். தெரிந்தது. அவர் வாயில் வெற்றிலை இருந்தது, மெல்வதை மறந்துவிட்டார்.

அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன். கதை அதோடு முடியவில்லை.

நடராஜனை டிப்போவிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்களே தவிர, வீட்டுக்கு அனுப்பவில்லை. அவர் சொன்னது இதுதான்: கான்ட்ராக்டர் செய்த மோசடி எனக்குத் தெரியாது, காலி எடை போட்டது பரமசிவம், அவனைத்தான் கேட்க வேண்டும். நான் பிடித்துக்கொடுத்த தண்ணீர் திரும்பி எங்கள் தலையிலேயே கொட்டியது. லாரி டிரைவர் மட்டும் வேறு மாதிரி சொல்லியிருந்தான். கிளார்க்குக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அவனை நகர்த்திவிடுகிறேன் என்று பெரிய பாபு, அதாவது நடராஜன், சொன்னதாக அவன் வாக்குமூலம். ஆனால் அந்தச் சந்தேகத்தை என் கணவர் நடராஜனிடம் சொன்னது மூடின அறையில். இவர் வாயைத் திறந்து சொன்னால்தான் டிரைவர் பேச்சு நிற்கும். இவர் சொல்லாவிட்டால் அது லாரிக்காரன் உளறல்.

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் விஜயா அக்கா வந்தாள். தரையில் உட்கார்ந்தாள், நாற்காலியைக் காட்டியும் ஏறவில்லை.

"தம்பி, அவர் ஒண்ணு சொல்லச் சொன்னாரு. நீ அவர்கிட்ட சொன்னதா ஞாபகம் இல்லைன்னு சொன்னா போதும். உன் கேஸ்ல அவர்தான் சாட்சி. அந்த இரும்புத் துண்டு பலகையோடதுதான், உடைஞ்சு விழுந்திருக்கும்னு அவர் எழுதிக் குடுத்துடுவாரு. உனக்கும் வேலை வந்துடும், அவரும் தப்பிச்சுக்குவாரு. யாருக்கும் நஷ்டம் இல்லையே."

"யோசிச்சுச் சொல்றேங்கா" என்றார் என் கணவர்.

அவள் போன பிறகு அவர் முகத்தில் பல நாளாக இல்லாத ஒரு வெளிச்சம். சட்டையைக்கூட எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"இன்னா யோசிக்கறீங்க?" என்றேன்.

"வேலை வந்துடும் தமயந்தி. நமக்கு வேற இன்னா வேணும்?"

"எனக்கு அந்த ஆள் விழணும்."

"நான் சொல்லி, அவங்க நம்பலைன்னா? டிரைவரும் நானும் கூட்டுன்னு எழுதிட்டா? வேலையும் போயிடும், ஜெயிலுக்கும் அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும்."

"உனக்கு இன்னா, சுலபமா சொல்லிட்டே."

"எனக்குச் சுலபமா? உங்க பேரைச் சொல்லி ரேஷன் கடையில என்னை ஒதுங்கி நிக்கச் சொன்னாங்க. அங்க நின்னது யாரு? பலகை உடைஞ்சதாலே தப்பிச்ச ஆளா நீங்க வேலைக்குப் போகலாம். அவர் மறுபடி அதே ரூம்ல வந்து உக்காந்து வெத்தல மென்னுக்கிட்டு, 'நான் போட்ட பிச்சை'ன்னு பார்ப்பாரு. தினம் அவருக்கு வணக்கம் வைப்பீங்களா?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஞாபகம் இல்லைன்னு சொன்னீங்கன்னா, நான் மெட்ராஸ் மெயில் ஏறிடுவேன். தனியாத்தான் ஏறுவேன். நீங்க உங்க வேலையை வச்சுக்கிட்டு இங்கயே இருங்க."

அது மிரட்டல் இல்லை. அவருக்கும் அது தெரியும்.

விசாரணை டல்ஹௌசியில் தலைமை அலுவலகத்து மாடியில். வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. ஒரு கோடியில் நான், இன்னொரு கோடியில் விஜயா அக்கா. என் கணவர் உள்ளே போகும்போது எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் போனார். கதவு சாத்திக்கொண்டது.

"உனக்கு மனசே இல்லையா தமயந்தி?" என்றாள் அவள். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க. பெரியவளுக்கு இந்த வைகாசியில நிச்சயம் பண்ண இருந்தோம்."

"எனக்கும் வீடு இருந்துச்சு அக்கா. நீங்கதான் மூட்டை கட்டச் சொல்லிப் புடவை குடுத்தீங்க."

"நல்ல எண்ணத்துலதானே குடுத்தேன்?"

"தெரியும். அதனாலதான் மறக்க முடியலை."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை நீட்டி அவள் தோளைத் தொட்டிருக்கலாம். என் கைகள் மடியிலேயே இருந்தன. சொல்லப்போனால், அவள் அழுவது எனக்கு இதமாக இருந்தது.

கதவு திறந்தது. என் கணவர் வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னா சொன்னீங்க?"

"நடந்ததைச் சொன்னேன். மேசைக்கு இந்தப் பக்கம் நான் நின்னது, 'கம்முனு இரு'ன்னு அவர் சொன்னது, அந்த இங்கிலீஷ் தாள்ல கையெழுத்து வாங்கினது, எல்லாம். அவர் என் எதிர்லயேதான் உக்காந்திருந்தார். தலையைத் தூக்கவே இல்லை." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லும்போது பயமாத்தான் இருந்துச்சு. சொன்னப்புறம் இல்லை" என்றார்.

டிரைவர் சொன்னதும் இவர் சொன்னதும் வார்த்தைக்கு வார்த்தை பொருந்தின. மழைக்காலம் தொடங்குவதற்குள் உத்தரவுகள் வந்தன. என் கணவருக்கு வேலை, பழைய சம்பளத்தோடு. நடராஜனுக்கு வேலை நீக்கம், போலீஸ் கேஸ் தனியாக. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள்.

அவர்கள் சாமான்களை ஏற்றிய அன்று தூறிக்கொண்டிருந்தது. கூலிக்கு ஆள் பிடிக்கவில்லை போலிருக்கிறது. நடராஜனும் பெண்களும் பீரோவைத் தூக்க முடியாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு என் கணவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போனார். போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அது அவர் குணம். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. கட்டில், அண்டா, ரேடியோ, சாமி படம் என்று ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடராஜன் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முதலில் கண்ணைத் திருப்பியவர் அவர்தான்.

எல்லாம் ஏற்றி முடித்த பிறகு என் கணவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஜன்னலடியில் வந்து நின்றார்.

"அவங்க வீட்டுல பாத்திரமெல்லாம் கட்டிட்டாங்க. சின்னப் பொண்ணு தண்ணி கேட்குது. அதுக்கும் அக்காவுக்கும் ஒரு சொம்பு குடேன்."

சின்னப் பெண்ணுக்கு ஒரு டம்ளரில் மொண்டு கொடுத்தேன்.

"அக்காவுக்கு?" என்றார்.

"தெரு முனையில குழாய் இருக்கு" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன்.